எழுப்பினால் மட்டும் போதாது

எண்ணூர் விரைவுச் சாலையில் நூற்றுப் பதினாறு டிரெய்லர்கள்.
யார்டில் ஓர் இடம் காலியானால்
ஒன்று உள்ளே போகும்.
இடங்களை எண்ணும் நிரலை எழுதியவள் நான்,
எடைமேடைக்குப் பக்கத்துத் தகர அறையில்,
உப்புக்காற்று தின்ற மின்விசிறிக்கு அடியில்.

இரவு இரண்டு பத்துக்கு எல்லாம் நின்றது.
பிழை என்றுகூட ஒரு வரி இல்லை.
ஒரு த்ரெட் பூட்டைப் பிடித்துக்கொண்டு
இடம் வரட்டும் என்றிருந்தது.
இடத்தைக் கொண்டுவர வேண்டியது
அதே பூட்டுக்காக நின்றிருந்தது.
மோட்டார் அறைச் சாவியை மடியில் முடிந்துகொண்டு
தண்ணி வரலையே என்று
குழாயடியில் உட்கார்ந்திருப்பதுபோல.

தூங்குவதென்றால் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கு.
மாட்டுவதும் கண்மூடுவதும் ஒரே அசைவாக.
நடுவில் நூலிழை இடம் விட்டால்
அதற்குள்தான் யாராவது கூப்பிட்டுவிட்டுப் போவார்கள்.
பிறகு நீ தூங்குவாய்,
விடியவே விடியாது.

திருத்திவிட்டு நாலு மணிக்கு வெளியே வந்தேன்.
தூத்துக்குடி வண்டிக்கு அடியில்
தூளி கட்டித் தூங்கினார் லூர்துராஜ்.
எங்கோ ஒரு சத்தம். எழுந்தார்.
வாசல்வரை நடந்து பலகையைப் பார்த்தார்:
பூஜ்யம்.
கொருக்குப்பேட்டை ரயிலாக இருக்கலாம்,
மணலி ஆலைச் சங்காக இருக்கலாம்,
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.
திட்டவில்லை. திரும்பி வந்து படுத்தார்.

அரைமணியில் நிஜமாகவே கூப்பிட்டார்கள்.
லுங்கியை மடித்துக் கட்டி அவர் போவதற்குள்
அப்போதுதான் வந்த ஒருவன், தூங்காதவன்,
வண்டியை நுழைத்துவிட்டான்.
மறுபடி பலகை. மறுபடி பூஜ்யம்.
மறுபடி தூளி.

எனக்குச் சுருக்கென்றது.
நான் 'இஃப்' என்று எழுதியிருந்தேன்.
எழுப்பினார்கள், ஆகவே இடம் இருக்கும் என்று
என் த்ரெட் கண்ணைக்கூடத் துடைக்காமல் ஓட்டிப்போய்
இருக்கிற பெட்டிமேல் பெட்டியை ஏற்றும்.
ஓடிப்போய் 'வைல்' என்று மாற்றினேன்.
ஒரே சொல். கை நடுங்கியது.

ஆறு மணிக்கு இருபதடி இடம் ஒன்று.
காவலாளி நூருத்தீன் லூர்துராஜை மட்டும் தட்டினார்.
அவருடையது நாற்பதடி.
பார்த்தார், படுத்தார்.
பின் வண்டியில் இருபதடிக்காரர் நல்ல குறட்டை.
இடம் சும்மா கிடந்தது.

நூருத்தீன் கொஞ்ச நேரம் பீடியை உருட்டினார்.
பிறகு இரும்புக்கம்பி எடுத்து
தொங்கும் தண்டவாளத் துண்டில் ஓங்கி அடித்தார்.
சாலை முழுக்க எழுந்தது, கெட்ட வார்த்தைகளோடு.

நான் இன்னொரு வரியைத் திருத்த உட்கார்ந்தேன்.
ஜன்னலில், வாய் கொப்பளித்துவிட்டு,
எல்லோருக்கும் பின்னால்
லூர்துராஜ் பலகையைப் பார்க்க நடந்தார்.