தோணிக்காரர் கழுத்தைச் சொறிகிறார்

இன்று காலை இருநூற்றுப் பன்னிரண்டாவது முறையாக
அந்தத் துறைக்குப் போனேன்.
குழந்தையைக் கரையிலேயே விட்டேன்,
நெல் மூட்டையை ஏற்றினேன்.
தோணி மூழ்கியது.

சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தையை ஏற்றினேன்,
மூட்டையை விட்டேன்.
தோணி மூழ்கியது.
இரண்டு கட்டத்திலும் பச்சை அடித்தேன்:
எதிர்பார்த்தபடியே நடக்கிறது.

வித்தியாசம் இல்லாமல் இல்லை.
நெல் என்றால் பதர் மிதக்கும்.
குழந்தை என்றால் ஒரு செருப்பு.
இவ்வளவு போதும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் மூன்றாவது மாடி.
கீழே பல் மருத்துவமனை,
துளைபோடும் சத்தம் நாற்காலிக் கால் வழியாக ஏறும்.
கதை எழுதும் சுமந்த் திங்கட்கிழமை
வெள்ளைப்பலகை கொள்ளாமல் ஆலமரம் வரைவான்,
கிளை, கிளையிலிருந்து விழுது, விழுதிலிருந்து இன்னொரு கிளை.
பட்ஜெட் கூட்டம் முடிந்து வந்து பார்த்தால்
பனைமரம்.

"ஒரு தடவை ஆடறவனுக்கு என்ன தெரியப்போகுது?"
தெரியாதுதான்.
குழந்தையை ஏற்றியவர்
மூட்டையை ஏற்றியிருந்தால் கரை சேர்ந்திருக்குமோ என்று
ராத்திரி புரண்டு படுப்பார்.
நான் நன்றாகத் தூங்குகிறேன்.
அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

நேற்று மழை.
இருபத்தேழாவது மெயின் முனையில் ஆட்டோவை நிறுத்தித் திரும்பினார்:
"மேடம், அகரா பக்கமா, மடிவாளா பக்கமா?"
போனில் பார்த்தேன். அல்சூருக்கு
இரண்டு வழியும் ஐம்பத்தொரு நிமிடம்.
"ரெண்டும் ஒண்ணுதான். உங்க இஷ்டம்."
வண்டி நகரவில்லை.
"நீங்களே சொல்லிடுங்க.
நானா போய் மாட்டிக்கிட்டா என்னைத் திட்டுவீங்க.
நீங்க சொல்லி மாட்டிக்கிட்டா
ரெண்டு பேரும் சேந்து மழையத் திட்டலாம்."

மடிவாளா என்றேன். மாட்டிக்கொண்டோம்.
மழையைத் திட்டினோம், ரோட்டைத் தோண்டியவர்களைத் திட்டினோம்,
கடன் வாங்கித் திருப்பாத அவர் மச்சானையும்
நான் முழுமனதோடு திட்டினேன்.
எண்பது நிமிடம்.
அகரா பக்கம் எவ்வளவு ஆகியிருக்கும்?
அந்தக் கிளையைச் சோதிக்க
யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை.

இன்று ஆறு மணிக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார்.
புதுப்பிக்கிறீர்களா, காலி செய்கிறீர்களா?
புதுப்பித்தால் வாடகை ஏறும்.
காலி செய்தால் இன்னொருவருக்கு ஏறிய வாடகையை
இன்னொரு தெருவில் கொடுக்க வேண்டும்.
ம் என்றேன், ம்ம் என்றேன்,
கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டேன்.

திரையில் கேள்வி அப்படியே நின்றது.
குழந்தையா, நெல்லா.

ஒரு நிமிடம். இரண்டு. நாலாவது நிமிடத்தில்
தோணிக்காரர் துடுப்பைக் குறுக்கே சாய்த்து வைத்தார்.
கழுத்தைச் சொறிந்தார்.
கரையில் நின்ற குழந்தையிடம் குனிந்து ஏதோ கேட்டார்,
ஒலி இல்லை, வாய் மட்டும் அசைந்தது.
அது மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு
காலை ஆட்டியது.

இருநூற்றுப் பதின்மூன்று முறை மூழ்கடித்திருக்கிறேன்.
அவருக்குக் கழுத்து அரிக்கும் என்று எனக்குத் தெரியாது.

எந்த ஆவணத்திலும் இது இல்லை.
அனிமேஷனில் இருந்த ஷம்ஷாத்தாக இருக்கலாம்,
வேலையை விடுவதற்கு முந்தைய வாரம்
விளக்கு அணைந்த பிறகும் உட்கார்ந்திருந்தாள்.
நாலு நிமிடம் யார் காத்திருப்பார்கள் என்று
அவளிடம் ஒருவரும் கேட்டிருக்க முடியாது.

விதிப்படி எழுதினேன்:
தேர்வு செய்யாதபோது, பட்டியலில் இல்லாத அசைவு.
தீவிரம்: குறைவு.
அனுப்பு என்று ஒரு பொத்தான். அழி என்று ஒரு பொத்தான்.

நான் அழித்தாலும்
நாளைக்கு இர்ஃபான் கண்டுபிடிப்பான், எடுத்துவிடுவார்கள்,
தோணி மூழ்கத்தான் மூழ்கும்.
தெரியும்.

கீழே துளைபோடுவது நின்றுவிட்டது.
வீட்டுக்காரர் இன்னும் லைனில் இருக்கிறார்.

ஐந்தாவது நிமிடம் என்ன செய்கிறார் என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.