முப்பத்தொரு வினாடி

கறுப்புப் பெட்டி
ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும்.
வருகிறவர்கள் முதலில் வியப்பது இதை.
அடுத்துக் கேட்பது: யார் தப்பு?

ரெய்க்யாவிக்கில் ஜன்னலில்லாத அறை.
என் ஹெட்போனுக்குள் ஹால்கிரிமுர்
பிளாஸ்க் மூடியைத் திருகுகிறார்,
காற்றை ஒரு வசவு வைகிறார்,
பிறகு, "கனமா இருக்கு."
எது என்று சொல்லவில்லை.
அதன் பின் முப்பத்தொரு வினாடி.
நாற்பது தடவை கேட்டேன்.
நாற்பது தடவையும் காபி மிச்சமிருந்தது.

கனத்தது
மூக்கை ஏற்றி இறக்கும் வால்பலகை.
உறைபனி கரையத் தெளித்த திரவம்
காய்ந்து பொடியாகிக் கீலிடுக்கில் கிடந்து
மழையில் ஊறிக் கூழாகி
எட்டாயிரம் அடியில் கல்லாகிவிட்டது.
ஒரு தேக்கரண்டி இருக்கும்.

பிறகுதான் தெரிந்தது:
இதே கூழ், இதே கீல்
இரண்டு குளிர்காலம் முன்பே
வேறொரு நாட்டில் ஒரு விமானத்தை
உலுக்கி விட்டிருக்கிறது.
எப்படியோ இறங்கிவிட்டார்கள்.
துடைத்தார்கள். ஒரு பக்கம் எழுதினார்கள்.
'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று
முத்திரை குத்தி
இழுப்பறையைச் சாத்தினார்கள்.
கெட்டவர்கள் இல்லை,
வேலை முடிந்தது, வீட்டுக்குப் போனார்கள்.
அந்த இழுப்பறை சாத்தும் ஓசை
என் ஒலிப்பதிவிலும் இருப்பதுபோல்
சில இரவுகளில் கேட்கிறது.

இங்கேயும் வக்கீல் வந்தார். நல்ல கோட்டு.
"வழக்கு முடியட்டும், கொஞ்சம் பொறுங்கள்" என்றார்.
பனி பொறுக்குமா என்று கேட்க நினைத்து
காபி வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் மனைவி தோர்கெர்துர் உட்காரவேயில்லை.
"அவன் குரல் யாருக்கும் போகக் கூடாது.
அந்தக் கீல்
எல்லாருக்கும் போகணும்."

அனுப்பினேன்.
பெயர் எடுத்து, குரல் எடுத்து
மிஞ்சியதை:
நான்கு படம், வெப்பநிலை,
விளக்கை எந்தப் பக்கம் பிடிப்பது,
எந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பது.

ஜூலையில், அங்கே நடுக்குளிர்காலம்,
புன்டா அரீனஸிலிருந்து ஒரு புகைப்படம்.
கையுறை, விரல் நுனியில் பசை.
கீழே இரண்டே வரி:
"இருந்தது. துடைத்தோம்.
நாற்பது நிமிடம் தாமதம். யனினா."

பதினேழு பயணிகளாம்.
திட்டியிருப்பார்கள்,
கடிகாரத்தைப் பார்த்து, கால் மாற்றி நின்று.
ஏன் தாமதம் என்று
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.