இரண்டு மணிக்கொருக்கா

பதினோரு வருஷம்
செருப்பைக் கழற்றிவிட்டுப் போன கதவு.
உள்ளே மாரியுமில்லை கோடையுமில்லை,
ஒரே குளிர், ஒரே வெளிச்சம்.
ஆறு கட்டில். ஆறு பேரின் மூச்சும்
என் காதில் ஏதோவொரு மூலையில்
ஓடிக்கொண்டிருக்கும்.
ஒன்று பிசகினால்
வாய்க்குப் போகும் சோறு பாதியில் நிற்கும்.

அவர்கள் என்னோடு கதைத்ததில்லை.
குழாய் இறங்கிய தொண்டைகள்.
நான்தான் கதைப்பேன்:
"ஐயா, இப்ப மற்றப்பக்கம் திருப்பப் போறன்."
"புள்ள, கண்ணுக்கு மருந்து விடுறன், குளிரும்."
இரண்டு மணிக்கொருக்கா
இடம், வலம், மல்லாக்க.
நாரித்தோல் சிவந்திருக்கா என்று
விரலால் அழுத்திப் பார்ப்பேன்.
கட்டின மனிசிக்கும் தெரியாத மச்சமெல்லாம் தெரியும்.
குரல் மட்டும் தெரியாது.

வீட்டிலும் அதே கணக்கில் முழிப்பு வரும்.
ஒருநாள் பக்கத்தில் கிடந்த மனிசனின்
தோளுக்கடியில் கைகொடுத்துவிட்டேன்.
அவர் பயந்துபோனார்.

மாற்றம் அதே கட்டடத்துக்குள்தான்.
மேலிருந்து கீழே, நாற்பத்திரண்டு படி.
ஒருவரும் தள்ளவில்லை, நானே எழுதிக் கொடுத்தேன்.
ஏன் என்று செல்லர் மிஸ் கேட்டா.
"இஞ்ச காத்துக் காணாது மிஸ்."
அவ சிரிச்சா.
அது முழுப் பொய்யுமில்லை.

கீழே கதவே இல்லாத மாதிரி.
படுவான்கரைச் சேறு காலோடு வரும்.
மோட்டார் சைக்கிள் படிக்கட்டு வரைக்கும் வரும்.
புடையன் கடித்த காலோடு வேலாப்போடி வந்தார்,
கடித்ததை ஷொப்பிங் பையில் கட்டி
மடியில் வைத்துக்கொண்டு.
"இந்தா மிஸ், இதுதான் ஆள்."
பை அசைந்தது.

முதல் கிழமை
ஒரு கைக்கு ஊசி ஏற்றி
பிளாஸ்ரரை நேராக வெட்டி, மடித்து, திகதி எழுதி
நிமிர்ந்து பார்க்கிறேன்,
பின்னால் நாலு பேர் நிலத்தில் இருக்கிறார்கள்.
தள்ளுகட்டிலோடு நின்ற பரீட் சொன்னார்:
"மிஸ், இது கோலம் போடுற இடமில்ல."
நாலு நிறப் பேனையை
ஆரோ இரவல் வாங்கினார்கள். திரும்பி வரவில்லை.

ஒரு பெட்டை வந்தாள், இரவு பதினொன்றரைக்கு.
என் சின்னவிரலை விடவில்லை.
இருபது நிமிஷம்.
நேரம், பிரஷர், அனுப்பிய இடம் எழுதினேன்.
தள்ளுகட்டில் மேலே போனது, என் பழைய குளிருக்குள்.
மறுகா என்ன நடந்ததென்று
கேட்கக்கூடாது என்று வைத்திருந்தேன்.
மூன்றாம் நாள் போன் எடுத்தேன்.
"மூன்றாம் கட்டில்?"
"எந்த மூன்றாம் கட்டில் மிஸ்?
இடையில ரெண்டு பேர் மாறியாச்சு."

போன ஞாயிறு
டச்பார் அருளப்பு கத்திக்கொண்டு வந்தார்.
பெருவிரலில் கெளுத்தி முள்.
மீனின் தாயை, தகப்பனை, வாவியை,
வலை விற்ற கடைக்காரனைத் திட்டினார்.
தொண்டைக்குழியில் ஐந்து ரூபாக் காசளவு தழும்பு.
அப்போதுதான் நின்று பார்த்தேன்.
இருபத்தெட்டு நாள். ஜன்னலோரக் கட்டில்.
இடது தோளுக்குக் கீழே இரட்டை மச்சம்.
தடித்த குரலாய் இருக்குமென்று
நினைத்து வைத்திருந்தேன்.
இது கீச்சுக்குரல்.

"மிஸ் புதுசா? முந்திக் கண்டதில்ல."
"ஓம், புதுசு."

சுடுதண்ணிச் சட்டிக்குள் கை இறங்கியதும்
வசவு கொஞ்சம் குறைந்தது.
"வலை வீசத் தெரியாதவன் இல்ல மிஸ்.
நித்திரை இல்ல, அதுதான் கை தவறிற்று.
ஒருக்காப் பெரிய வருத்தம் வந்து கிடந்தெழும்பினனான்.
அதுக்குப் பிறகு
ரெண்டு மணிக்கொருக்கா முழிச்சு
மற்றப்பக்கம் திரும்பிப் படுப்பன்.
ஏனெண்டே தெரியா."

"தண்ணி ஆறிற்றா?" என்றேன்.
"கையை எடுக்காதீங்க.
இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி கொண்டாறன்."