எக்கோ வேண்டாமாம்

பாபநாசம் மைதானத்துக்கு
மெர்லின் இந்தமுறை குதித்து வரவில்லை.
கைத்தறிப் புடவை. உட்கார்ந்து பாடுவாளாம்.
"எக்கோவ சுத்தமா எடுத்துருங்கண்ணே,
இனிமே என் குரல் போதும்."

போன வருஷம் நாலில் வைத்தது.
சைபருக்குத் திருகினேன்.

தம்புரா செல்போனிலிருந்து வந்தது.
முதல் வரி முடியுமுன் பின்வரிசை கத்தியது:
"லாரிப் பாட்டு! லாரிப் பாட்டு!"
மேலே போகையில் குரல்
நனைந்த நெல்சாக்காய்க் கிழிந்தது.
பாதிச் சனம் குடமுருட்டிப் பாலம் தாண்டியிருக்கும்.

விரல் தானாக ஒன்றுக்குப் போனது,
ஒன்றே ஒன்று.
அவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.
மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

கவரில் ஐந்நூறு அதிகமிருந்தது.
பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது
சுபாஷ் முணுமுணுத்தான்,
லாரிப் பாட்டைத்தான்.
சத்தம் போட்டேன்.
கொரடாச்சேரி வரை
என் வாயிலும் அதேதான்.