நூற்றெழுபத்து மூன்றாம் பக்கம்

ஒலுவில். கடற்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிற விடுதி.
புள்ளிவிபரவியல் புத்தகம் நூலகத்தில் ஒன்றே ஒன்று,
அதையும் வெளியே விடமாட்டார்கள்.
மஸாஹிறா இரண்டு பகல் நின்று
நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் போனில் பிடித்தாள்.

முதலில் எல்லாம் அவளிடம்தான்.
பதினாலாம் அறை வாசலில் செருப்புக் குவியல்.
பென்ட்ரைவோடு நிற்கிறவர்கள்,
ரைஸ் குக்கரை அணைக்க மறந்து வந்தவர்கள்.
ஒரு மடிகணினி, ஒரு துளை, இருபத்தேழு பேர்.
வெள்ளிக்கிழமை அவள் சாய்ந்தமருதுக்குப் போனாள்.
பூட்டிய கதவுக்குள்ளே எங்கள் பரீட்சை.

அடுத்த கிழமை வயர் இழுத்தோம்,
ஜன்னலுக்கு ஜன்னல், உடுப்புக் கொடியோடு கொடியாக,
நீலத்தில் கொஞ்சம், காணாததுக்குச் சாம்பலில் கொஞ்சம்.
நிரோஜினி சொன்னாள்:
முழுசாக ஒருத்தியும் தரவேண்டாம்.
இருக்கிற துண்டைக் கொடு, இல்லாத துண்டைக் கேள்.
வாங்கும்போதே கொடுக்கத் தொடங்கு,
முடியட்டும் என்று பார்த்திருக்காதே.

அன்றிரவு எண்பதாம் பக்கம் எட்டாம் அறையிலிருந்து வந்தது,
எண்பத்தொன்று மேல்மாடியிலிருந்து,
எண்பத்திரண்டு
என் பாஷை தெரியாத, அவள் பாஷை எனக்குத் தெரியாத
உகனைப் பிள்ளையிடமிருந்து.

துர்க்காஷினி மட்டும் நூறு வீதம் ஆனதும் வயரைப் பிடுங்குவாள்.
அட்டை என்று பெயர் வைத்தோம்.
ஒருநாள் அவளும் மறந்து தூங்கிப்போனாள்;
விடியுமுன் நாலு பேர் அவளிடமிருந்து முடித்தார்கள்.
அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை.

விடுதிப் பொறுப்பாளர் வந்து
"எங்க மெயின்? எங்க மெயின்?" என்று தேடினார்.
ஒரு வயரை வெட்டினார். மற்றப் பக்கத்தால் சுற்றி வந்தது.
பதினாலாம் அறையைத் திறக்கச் சொன்னார்.
அங்கே மஸாஹிறாவின் கணினி
உப்புப் பிடித்துச் செத்து மூன்று கிழமை.

அவளுடைய புத்தகத்தை அவளுக்கே
பதினொரு அறையிலிருந்து பொறுக்கிக் கொடுத்தோம்.
நூற்றெழுபத்து மூன்றில், சூத்திரத்தின் மேல்,
அவள் பெருவிரல்.
பாதி நகம் மருதோன்றி, பாதி வெள்ளை.
"இதையா எல்லாரும் வச்சிருக்கிறீங்க" என்று முகத்தை மூடினாள்.

போன மாதம் கல்முனை பஸ்ஸில்
முன்சீட்டுப் பிள்ளை, முன்பின் அறியாதவள்,
போனில் படித்துக்கொண்டு வந்தாள்.
ஓரிடத்தில் நின்று
விரலை ஒதுக்கப் பார்ப்பதுபோல்
திரையை இரண்டு தரம் தேய்த்தாள்.
மறைந்திருக்கிற எழுத்து சிக்மா.
சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
நிந்தவூரில் இறங்கிவிட்டாள்.