அந்த விரல் யாரைக் காட்டியது

சூசைநாயகத்தின் வலது சுட்டுவிரல்
இரண்டாம் கணுவில் வெளிப்பக்கம் திரும்பும்.
துறைமுக அணிக்காரன் ஒருத்தன்
நனைந்த பந்தோடு சேர்த்து அதையும் உதைத்த நாள்
நான் வாங்கில் இருந்தேன்.
எழும்பிக் காலுறையை இழுத்துவிட்டேன்.
அவர் ஐஸ்குச்சி வைத்து விரலைக் கட்டிக்கொண்டு
கம்பங்களுக்கு நடுவே திரும்பப் போய் நின்றார்.
நான் இருந்தேன்.

ஒன்பது பருவம் அப்படித்தான்.
உம்மா மடித்துத் தந்த ஜேர்சியை
மடிப்புக் குலையாமல் வீட்டுக்குக் கொண்டுபோவேன்.
காய்ச்சல், செங்கண்மாரி, மாமனாரின் சாவு,
ஒன்றும் அவரை ஒரு சனிக்கிழமைக்கு மறிக்கவில்லை.
பொய் சொல்ல மாட்டேன்.
கொச்சிக்கடை அந்தோனியாருக்கு
சோனகன் நான் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்,
அவருக்குச் சின்னதாக ஒரு கால் சுளுக்கு வேண்டி.
அந்தோனியார் அவருடைய ஆள்.
கேட்கவில்லை.

வலைக்குப் பின்னால் பந்து பொறுக்குகிறவனுக்குத்தான் தெரியும்:
பாய்வதற்கு முந்திய கணம்
அவருடைய குதிகால் அரை அங்குலம் எழும்பும்.
சனம் கையைப் பார்க்கும்.
வேலை முழுக்கக் குதிகாலில்.
விட்ட கோலை மற்றப் பத்துப் பேரும் மறந்த பிறகும்
கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டே
"இடப்பக்கம், இடப்பக்கம்" என்பார்.
மூட்டைக் கணக்குப் பிசகும்.

ஆமர் வீதியில் ஒருநாள் பஸ்ஸை மறித்தார்கள்.
கையை உயர்த்தச் சொன்னார்கள்.
அட்டையில் தமிழ்ப் பெயர், பிறந்த இடம் மன்னார்.
அவர் உயர்த்தினார்,
மைதானத்தில் உயர்த்துகிற மாதிரியே,
விரல்கள் அகல, உள்ளங்கை முன்னே.
சிப்பாய்ப் பொடியன் விரலைப் பார்த்தான்.
முகத்தைப் பார்த்தான்.
சுகததாஸவில் ஏதோ அரையிறுதி பார்த்திருக்கிறான் போல.
"யன்ன" என்றான்.
என் பையைத்தான் கொட்டிக் கிளறினான்.
ஜேர்சி அன்றைக்கு முதல்தரம் ஊத்தையானது.

முப்பத்தெட்டில் அவர் கையுறையைக் கழற்றியபோது
எனக்கு முப்பத்தாறு.
இடம் காலியானது,
பத்தொன்பது வயதுக்காரன் ஒருத்தனுக்கு.
கழகம் அவரைப் பயிற்சியாளர் ஆக்கியது,
என்னைத் தண்ணீர்ப் போத்தலுக்கும் பந்துப் பைக்கும்.

கோட்டுக்கு வெளியே நிற்க அவருக்கு வரவில்லை.
பந்து பக்கத்தில் வந்தால் கை தானாக நீளும்;
இரண்டு தரம் மஞ்சள் அட்டை வாங்கினார்.
அதைவிடச் சிக்கல் அந்த விரல்.
இடது பின்களத்தைக் காட்டினால்
வலது ஓரத்தில் நிற்கிறவன் ஓடிவருவான்.
"உன்னையில்லையடா" என்பார்,
தமிழில், பிறகு சிங்களத்தில், பிறகு வெறும் தலையாட்டலில்.
பொடியன்கள் பழகிக்கொண்டார்கள்:
நுனியைப் பார்க்காதே, கணுவைப் பார்.

இறுதிப் போட்டி. மழை.
நூற்றுப் பதினெட்டாம் நிமிடம், ஒன்றுக்கு ஒன்று,
மாற்றுவதற்கு ஒரே ஒருத்தர் மீதி.
வாங்கில் தினேத், பெனால்டி பிசகாதவன்,
மேற்சட்டையைக் கழற்றி ஆயத்தமாக.
அவனுக்குப் பக்கத்தில் ரிஃப்கான், மாற்றுக் கீப்பர்,
பருவம் முழுக்கச் சேறு காணாத சப்பாத்தோடு.
நாயகம் திரும்பி விரலை நீட்டினார்.
கணு தினேத்தைக் காட்டியது.
நுனி ரிஃப்கானைக் காட்டியது.
இரண்டு பேரும் எழும்பினார்கள்.

எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.
நான் குதிகாலைப் பார்த்தேன்.
அரை அங்குலம்.
"போ" என்றார்.
யாரை என்று சொல்லவில்லை.
ரிஃப்கான் ஓடிவிட்டான்.

ஒன்றைத் தடுத்தான், நல்ல தடுப்பு.
எங்களுடையவர்கள் இரண்டை வானத்துக்கு அடித்தார்கள்.
தோற்றோம்.
கழகத் தலைவர் வானுக்குப் பக்கத்தில் நின்று கத்தினார்,
தினேத் போயிருந்தால், தினேத் போயிருந்தால் என்று.
நாயகம் பதிலுக்கு விரலை உயர்த்திக் காட்டினார்.
"கோணல், சேர்."

மட்டக்குளி பஸ்ஸில் பந்துப் பை என் மடியில்.
கேட்க வேண்டும் போலிருந்தது.
அந்த மெழுகுதிரிக் கதையையும் சொல்ல வேண்டும் போலிருந்தது.
ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.
"அவன் பிடிச்சானே, குதிகாலைப் பார்த்தியா?" என்றார்.
"பார்த்தேன்."
"எழும்பேல்லை. எழும்பாமலே பிடிச்சிட்டான்."
அதற்குள் கொண்டக்டர் வந்தார்.
இவருக்கும் சேர்த்து, என்று
என்னைக் காட்டிக் காசை நீட்டினார் நாயகம்.
எதிர் இருக்கையில் மீன் கூடையோடு இருந்த பெண்
தனக்கு டிக்கெட் எடுத்த மனிதரை
ஏற இறங்கப் பார்த்தாள்.