மூன்று புள்ளி எட்டு

வால்பரைசோவில் சமதளம் என்பது
துறைமுகத்தில் மட்டும்தான்.
மீன்சந்தையிலிருந்து வீட்டுக்குப் போகையில்
மலை என் இடப்பக்கம்.
குட்டைக் கால் மேட்டில், நெட்டைக் கால் பள்ளத்தில்:
அந்த நானூறு அடிக்கு நான் நொண்டியில்லை.
மறுநாள் காலை வேலைக்கு இறங்கும்போது
வட்டியும் முதலுமாக
வசூலித்துக்கொள்ளும் மலை.

டாக்டர் இத்துரியேத்தா
படத்தை வெளிச்சத்தில் மாட்டி அளவுகோல் வைத்தார்.
மூன்று புள்ளி எட்டு, என்றார்
வெங்காய விலை சொல்வதுபோல.
பன்னிரண்டு வயதில் வந்திருந்தால்
நீண்ட காலின் வளர்ச்சியை நிறுத்திவைத்திருப்போம்,
குட்டை மெல்ல வந்து சேர்ந்திருக்கும்.
பன்னிரண்டு வயதில் நான்
பள்ளி அணிவகுப்பின் கடைசி வரிசையில் இருந்தேன்.
அங்கே டாக்டர்கள் வருவதில்லை.

செருப்புக்கு அடியில் தக்கை வைக்கலாம்.
வைத்திருக்கிறேன், ஒன்பது வருஷமாய்.
கடற்கரையில் செருப்பைக் கழற்றாதவள்
என்றால் ஊரில் அது நான்தான்.

நல்ல காலை வெட்டிக் குறைக்கலாம்.
தொடையெலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு
உள்ளே ஓர் இரும்புக் கம்பி.
"எடுத்த துண்டை என்ன செய்வீர்கள்?"
எலியேசர் சிரித்துக்கொண்டே கேட்டான்.
டாக்டர் பதில் சொல்லவில்லை.
இரவெல்லாம் நான் அந்தத் துண்டையே
நினைத்துக்கொண்டு கிடந்தேன்.
குற்றம் செய்யாத காலுக்குத் தண்டனை.
அதுவும் ஏற்கெனவே நான் உயரமில்லை.

அல்லது, குட்டையை நீட்டலாம்.
எலும்பை ஒடித்து, ஒடிந்த முனைகளை
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்கி,
நடுவே புது எலும்பு முளைக்கும்வரை.
"முளைக்குமா?"
"பெரும்பாலும்."
அந்தப் 'பெரும்பாலும்' மேல்தான்
கையெழுத்துப் போட்டேன்.

திருகத் தொடங்கி இன்று இருபத்து மூன்றாம் நாள்.
காலைச் சுற்றி வளையங்கள், ஊடே கம்பிகள்,
கம்பி நுழையும் இடமெல்லாம் கசிவு.
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை
காலுக்குக் கால் மில்லிமீட்டர்.
ஒருநாள்கூடத் தவறாமல் எலியேசர்
நெற்றியைச் சுருக்கி,
தன் பேருந்தை நேசிக்கிற அளவு கவனத்தோடு.
திருகும்போது வலிப்பதில்லை.
பிறகு, அவன் தூங்கியபின்,
தசை புரிந்துகொண்டு கத்தும்.

இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர்.
அதன்பின் எலும்பு கெட்டிப்படும்வரை
எத்தனை மாதம் என்று யாரும் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேட்க மறந்தேன்.
எல்லாம் சரியானபின்,
சந்தையிலிருந்து வீட்டுக்குப் போகும் நானூறு அடியில்
எல்லோரையும்போல நானும்
சாய்ந்துதானே நடக்கவேண்டும்?

எலியேசர், எழுந்திரு.
மணி இரண்டாகிறது.
ஸ்பேனர் ஜன்னலோரம் இருக்கிறது.